சைபர் காட்டிய கருவி

சண்டை போடுவதற்கென்றே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போன ஆள் கத்தாரில் என்னைத் தவிர வேறு யாராவது இருப்பார்களா, தெரியவில்லை. படிவத்தில் 'குடும்ப விஷயம்' என்று எழுதினேன். பொய்யில்லை. என் அக்கா வீட்டுக்காரர் பழனிவேல் புதுக்கோட்டை மாவட்டத்தில் தீயணைப்பு வீரர். சண்டை அவரோடுதான்.

போன வருஷம் லீவில் போனபோது மச்சானுக்கு ஒரு கருவி வாங்கிப் போனேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, மஞ்சள் நிறம், சட்டையில் மாட்டிக்கொள்ளலாம். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் விஷ வாயு ஒன்று இருக்கிறது. பாழுங்கிணறு, கழிவுத் தொட்டி மாதிரி இடங்களில் தங்கி நிற்கும். அளவு கூடினால் நாற்றம்கூடத் தெரியாது, மூக்கு மரத்துப்போகும், இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவான். அந்த வாயு பட்டால் கருவி கத்தும், எண் ஏறும். வாயு இல்லையென்றால் சைபர்.

போன மாசி மாதம், மச்சானோடு வேலை பார்த்த கருப்பையா இந்தக் கருவியைச் சட்டையில் மாட்டிக்கொண்டு ஓர் ஆட்டைத் தூக்க பாழுங்கிணற்றுக்குள் இறங்கினார். கயிற்றை இழுத்தபோது பிணமாகத்தான் வந்தார். கருவி சைபர் காட்டியதால் கிணற்றில் வாயு இல்லை, வாயு இல்லாததால் மாரடைப்பு என்று எழுதி மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகும் மச்சான் அதே கருவியை மாட்டிக்கொண்டு கிணறு கிணறாக இறங்கிக்கொண்டிருக்கிறார். ஆனி பிறந்ததும் எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினார். "பதினோரு கெணறு ஆச்சு மாப்ள. ஒரு தடவகூட கத்துனதில்ல. எல்லாம் சைபர்தான். ஒன் மிஷின் ராசியான மிஷின்."

அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டேன். கத்தாரில் எரிவாயு ஆலையில் வாயு சோதிப்பதுதான் என் வேலை. பதினோரு கிணற்றில் ஒரு புள்ளிகூட ஏறாத கருவியை நாங்கள் ராசியானது என்று சொல்ல மாட்டோம், செத்துப்போனது என்போம். எங்கள் வாசலில் ஒரு பிலிப்பைன்ஸ்காரர் காலை ஐந்து மணிக்கே உட்கார்ந்திருப்பார். வருகிறவன் ஒவ்வொருவனின் கருவியிலும் ஒரு சின்ன டப்பாவிலிருந்து சோதனை வாயுவை ஊதுவார். அவர் மொழியில் தினமும் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "கத்தினால் உள்ளே போ, கத்தாவிட்டால் வீட்டுக்குப் போ." இதைப் போனில் சொன்னால் மச்சான் சிரிக்கிறார். "நேர்ல வா, பேசிக்கலாம்" என்றார். வந்தேன்.

புதிதாக ஒரு கருவி வாங்கிப் பையில் வைத்திருந்தேன். திருச்சி விமான நிலையத்தில் சுங்கத்துக்காரர் அதை மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ள தங்கம் எதுவும் வச்சிருக்கீங்களா?" இல்லை, கெட்ட காற்று வந்தால் கத்தும் என்றேன். பக்கத்தில் இருந்தவர், "நம்ம டாய்லெட்டுல வச்சுப் பாருங்க சார்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு ஆள் செத்திருக்கிறான் என்று அவர்களுக்குத் தெரியாது, அவர்களைக் குறை சொல்லி என்ன.

சோதனை வாயு டப்பாவை விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள். அதனால் திருச்சியிலேயே பாதுகாப்புச் சாமான் விற்கும் கடை ஒன்றைத் தேடிப் போனேன். வாசலில் மஞ்சள் ஹெல்மெட்டைப் பூசணிக்காய் மாதிரி அடுக்கியிருந்தார்கள். கடைக்காரர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். நான் கேட்டதைக் கேட்டுவிட்டு, "அது எதுக்கு சார்? மிஷின் ஆன் ஆகுதுல்ல? ஆன் ஆனா வேல செய்யுதுன்னு அர்த்தம்" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே எங்கள் ஆலையில் அவரை அன்றைக்கே விமானம் ஏற்றி அனுப்பியிருப்பார்கள். டீயை முழுசாகக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

புதுக்கோட்டைக்குத் தனியார் பஸ். பாட்டுச் சத்தத்தில் காது கிழிந்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் 'தீயணைப்பான்' என்று சிவப்பில் எழுதி, கீழே ஒரு இரும்பு வளையம். வளையத்துக்குள் கண்டக்டரின் சாப்பாட்டுக் கேரியர் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. தீயணைப்பான் எங்கே என்று கேட்டேன். "ஆர்.டி.ஓ. ஆபீசுல எஃப்.சி. காட்டப் போறப்ப மாட்டுவோம் சார்" என்றார். கீரனூர் தாண்டி இன்ஜின் சூடாகிப் புகை கிளம்பியபோது அதே கண்டக்டர் முதல் ஆளாகக் கீழே குதித்தார். அப்போதும் கேரியரை மறக்காமல் கையில் எடுத்துக்கொண்டார். முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம்.

புதுக்கோட்டையில் இறங்கி பரோட்டாவும் முட்டை மாஸும் சாப்பிட்டேன். கோபத்திலும் நன்றாகவே இருந்தது. கத்தாரில் எங்கள் மெஸ்ஸில் முட்டை மாஸ் என்ற பெயரில் ஒன்று போடுவார்கள், அதைப் பற்றி எழுதினால் வேறு சண்டை வரும்.

அக்கா வீட்டில் மச்சான் இல்லை, டூட்டி. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சண்ட போடாதடா. கருப்பையாண்ணே போனதுலேருந்து மனுசன் சரியாத் தூங்குறதில்ல" என்றாள். பிறகு அவளே சொன்னாள். "எறங்குறதுக்கு முன்னாடி எனக்குப் போன் போடுவாரு. ஏறுனதும் ஒருக்கா போடுவாரு. அந்த ரெண்டாவது போன் வாரவரைக்கும் நான் அடுப்பப் பத்த வைக்கிறதில்ல. இங்கிட்டும் அங்கிட்டும் நடந்துக்கிட்டே இருப்பேன்." தீயணைக்கிறவன் வீட்டில் இப்படித்தான் அடுப்பு எரிகிறது.

மறுநாள் காலை நிலையத்துக்குப் போனேன். எந்த ஊர் நிலையம் என்று சொல்லப்போவதில்லை. அங்கே இருக்கிறவர்கள் எல்லாரும் நல்ல உழைப்பாளிகள், என் எழுத்தால் ஒருத்தருக்கும் மெமோ வரவேண்டாம். சிவப்பு வண்டியைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தார்கள். முதுகில் சிலிண்டரோடு மாட்டிக்கொள்ளும் மூச்சுக்கருவி ஒன்று பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. சிலிண்டரின் முள்ளைப் பார்த்தேன், காலி. காற்று ரொப்ப வெளியூர் அனுப்பவேண்டும், அனுப்பினால் திரும்பி வர எத்தனை நாளாகும் என்று யாருக்கும் தெரியாது, அந்த நேரம் பார்த்து அதிகாரி ஆய்வுக்கு வந்தால் எங்கே என்று கேட்பார். அதனால் காலியாகவே பத்திரமாக இருக்கிறது. கையுறை அவரவர் கடையில் வாங்கியது. ஒருத்தர் காலில் விவசாயத்துக்குப் போடும் ரப்பர் பூட்ஸ்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. ஆட்டுக்கும் கன்றுக்குட்டிக்கும் கூப்பிட்டவுடன் ஓடுகிறவர்களுக்கு மாவட்டம் கொடுத்திருப்பது கயிறு, ஏணி, கைதட்டல்.

மச்சான் என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்தார். இளைத்திருந்தார். கிணற்றில் இறங்குமுன் அவர்கள் என்ன செய்வார்கள் என்று காட்டினார். வாளியில் மெழுகுவர்த்தி ஏற்றி இறக்குவார்கள். அணைந்தால் மூச்சுக்காற்று இல்லை. அணையாவிட்டால் என் கருவியை இறக்குவார்கள். சைபர் என்றால் விஷமும் இல்லை. இரண்டும் சரியென்றால்தான் ஆள் இறங்குவது. முறை சரியான முறை. ஒன்றுமில்லாத இடத்தில் அவர்களாகவே யோசித்து, ஆலையில் நாங்கள் செய்வதற்குப் பக்கத்தில் வந்திருக்கிறார்கள்.

"எங்க மச்சான் அந்தக் கருவி?"

அலுவலக அறையில் சாமி படங்களுக்குக் கீழே இருந்தது. எடுத்துக் கையில் கொடுத்தார். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. கருவியின் முகத்தில் நடுவே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சல்லடை உண்டு. காற்று அது வழியாகத்தான் உள்ளே போகும். அதன் மூக்கு அது. அந்தச் சல்லடை மேல் கனமாகச் சந்தனம் அப்பி, அதற்கு மேல் குங்குமம். வட்டமாக நடுவில் இருந்த இடம் அது ஒன்றுதான், பொட்டு வைக்கத் தோதாக இருந்திருக்கிறது.

"யாரு மச்சான் வச்சது?"

"ஆயுத பூசைக்கு வண்டி, ஏணி, கயிறு எல்லாத்துக்கும் வச்சப்ப இதுக்கும் வச்சோம். அப்புறம் வெள்ளிக்கெழமைதோறும் கருப்பையாதான் வைப்பான். பழச அழிக்காம அது மேலயே வைப்பான்." பிறகு, "கடைசியா இருக்குறது அவன் வச்ச பொட்டு. யாரையும் தொட விடுறதில்ல" என்றார்.

நானும் என் பைக்குக்குப் பொட்டு வைக்கிறவன்தான். பொட்டு மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அந்த நிமிஷம் கத்திவிட்டேன். மூக்கை அடைத்துவிட்டு நாற்றம் வரவில்லை என்கிறீர்களே, தினமும் சோதித்தீர்களா, ஒரு நாளாவது சோதித்தீர்களா என்று கேட்டேன்.

"சோதிக்கணுமா?" என்றார் மச்சான். "நீ சொல்லலையே மாப்ள."

சொல்லவில்லை. அவர் சொன்னது நிஜம். போன வருஷம் பெட்டியைக் கொடுத்து, பொத்தானை அமுக்கினால் ஆன் ஆகும் என்று சொல்லி, இரண்டு பேரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு, விருந்து சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டேன். அந்தத் திருச்சிக் கடைக்காரருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்.

அந்தப் பொட்டைச் சுரண்ட விடுங்கள் என்றேன். முடியாது என்றார். அப்படியானால் இந்தப் புதுசை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பையிலிருந்து எடுத்தேன். "அது பழகுன சாமான் மாப்ள, இது எப்படியோ யாருக்குத் தெரியும்" என்றார். பேச்சு முற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்காட்டுக்குள் ஒரு பாழுங்கிணறு, கன்றுக்குட்டி விழுந்துவிட்டது. மச்சான் பழைய கருவியைச் சட்டையில் மாட்டிக்கொண்டு ஓடினார். வண்டியில் வெளியாள் ஏறக்கூடாது. புதுக் கருவியோடு நான் வாசலில் நின்றேன்.

மச்சானின் பைக்கை எடுத்துக்கொண்டு விரட்டினேன். முந்திரிக்காட்டுச் செம்மண் பாதையில் பின் டயர் போனது. வண்டியை மரத்தில் சாய்த்துவிட்டு ஓட ஆரம்பித்தேன். பலாப்பழம் ஏற்றிய லோடு ஆட்டோ ஒன்று வந்தது. கையைக் காட்டி ஏறினேன். உட்கார இடமில்லாமல் பழத்தின் மேலேயே உட்கார்ந்தேன். முள் குத்தியது. டிரைவர் கேட்டார், "எங்கண்ணே போகணும்?" தீயணைப்பு வண்டி நிற்கிற கிணற்றுக்கு என்றேன். "எறங்கப் போறீங்களா?" "எறங்க விடாம இருக்கப் போறேன்." அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் மிதித்தார். மகராசன், பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

கிணற்றைச் சுற்றி ஐம்பது அறுபது பேர். பாதிப் பேர் கையில் போன், படம் பிடிக்கிறார்கள். கிணற்றுக்குள் மூட்டை மூட்டையாகக் கோழிக் கழிவு. கறிக்கடைக்காரர்கள் கொண்டுவந்து கொட்டுகிற இடமாம். தண்ணீர் தந்த கிணற்றைக் குப்பைத்தொட்டி ஆக்குவதற்கு நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. வெயிலில் அது வெந்து நொதித்துக் கிடந்தது.

மச்சான் இடுப்பில் கயிறு கட்டி, ஒரு காலைச் சுவருக்கு உள்ளே போட்டிருந்தார். அக்காவுக்குப் போன் பேசி முடித்து, போனைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். மெழுகுவர்த்தி அணையவில்லை, கருவி சைபர். நான் ஓடிப்போய் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"விடு மாப்ள."

"ஒரு அஞ்சு நிமிசம் குடுங்க மச்சான். ரெண்டையும் ஒண்ணா எறக்கிப் பாப்போம். அப்பறமும் எறங்குறதா இருந்தா எறங்குங்க, நான் தடுக்கல."

இரண்டு கருவிகளையும் ஒரே வாளியில் பக்கம் பக்கமாகக் கட்டி இறக்கினோம். பாதிக் கிணறு போவதற்குள் புதுசு கத்த ஆரம்பித்துவிட்டது. சிவப்பு விளக்கு மின்னுகிறது, முந்திரிக்காடு முழுக்கக் கேட்கிற சத்தம். மேலே இழுத்துப் பார்த்தால் பழசில் அதே சைபர்.

கூட்டத்தில் ஒருத்தர், "புதுசுல செட்டிங் சரியில்ல போல, சும்மா கத்துது" என்றார். இன்னொருத்தர், "பழசத்தானே இத்தன நாளா வச்சுப் பாக்குறாங்க" என்றார். கன்றுக்குட்டிக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சார், உள்ள அது கத்துறதக்கூட நிறுத்திருச்சு சார். யாராச்சும் எறங்குங்க" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆபத்து என்று கத்துவதை விட்டுவிட்டு, ஒன்றுமில்லை என்று சொல்வதை நம்பத்தான் எல்லாருக்கும் ஆசை.

மச்சான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பழசை என் முன்னால் நீட்டினார்.

நகத்தால் ஓரத்தில் நெம்பினேன். பல மாதத்துச் சந்தனம், புண் ஆறிய பொருக்கு மாதிரி ஒரே வில்லையாகக் கழன்று வந்தது. அதை மச்சான் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். கீழே சல்லடை தெரிந்தது. மறுபடி இறக்கினோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பழசு விட்டு விட்டுக் கத்தியது, அப்புறம் விடாமல் கத்தியது. இரண்டும் சேர்ந்து கத்தின.

மச்சான் கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கிணற்றுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "நெஞ்சு வலிக்கிதுன்னு அவன் ஒரு நாளும் சொன்னதில்ல மாப்ள" என்றார். "சைபரு, எறங்குடான்னு சொன்னது நான்."

கன்றுக்குட்டியை மேலிருந்தே சுருக்குப் போட்டு எடுத்தோம். ஒரு மணி நேரம் ஆனது. செத்துத்தான் இருந்தது. "ஒரு கன்னுக்குட்டியத் தூக்கத் துப்பில்ல, யூனிபார்ம் ஒரு கேடு" என்று கூட்டத்தில் ஒரு குரல். இதே மாதிரி ஒரு கூட்டம்தான் மாசி மாதம் கருப்பையாவைத் தூக்கிக்கொண்டு போனபோது மாலை போட்டது. திருப்பி நாலு வார்த்தை கேட்டுவிட்டேன், அதை இங்கே எழுத முடியாது. யாரோ அதையும் படம் பிடித்தார்கள்.

வண்டிக்கு வந்ததும் மச்சான் அக்காவுக்குப் போன் போட்டார். "எறங்கல" என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் அக்கா அழுவது எனக்கும் கேட்டது.

மூன்றாம் நாள் காலை மச்சான் சட்டை போட்டுக்கொண்டு வந்து, "மலர் வீட்டுக்குப் போவணும். நீயும் வா" என்றார். மலர் கருப்பையாவின் மனைவி. வீடு வல்லத்திராக்கோட்டைப் பக்கம். தெருமுனையில் பைக்கை நிறுத்திவிட்டு மச்சான் ஒன்று சொன்னார். "பொட்டப் பத்தி மட்டும் சொல்லிறாத. அவன் கையால வச்சது. அத வச்சுக்கிட்டு அந்தப் புள்ள எப்படிப் பொழைக்கும்?" எனக்கு அதில் சம்மதம் இல்லை. உண்மையைப் பாதி சொல்வதும் ஒரு வகையில் மூக்கை அடைப்பதுதான் என்று தோன்றியது. ஆனால் அந்த வீட்டு வாசலில் நின்று சண்டை போட எனக்கு வாய் வரவில்லை.

மலர் தையல் மிஷினில் பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே" என்று எழுந்து, மடியில் இருந்த நூல்களை உதறிவிட்டு டீ போடப் போனாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. டீ வந்த பிறகுதான் மச்சான் பேச ஆரம்பித்தார். "தங்கச்சி, கருப்பையாவுக்கு மாரடைப்பு இல்ல. கெணத்துல வாயு இருந்துருக்கு. மிஷின் வேல செய்யல. ஆபீசருக்கு நாளைக்கு எழுதிக் குடுக்கப் போறேன். எறங்கச் சொன்னது நான்னும் அதுல எழுதுறேன்." துறை கொடுக்காத கருவியை நம்பி ஆளை இறக்கியதாக அவர் மேலேயே நடவடிக்கை வரும். அது அவருக்கும் தெரியும்.

மலர் அழவில்லை. தரையில் கிடந்த ஒரு நூலை எடுத்து விரலில் சுற்றினாள்.

"அப்ப அவரு எங்கிட்ட எதையும் மறைக்கலையாண்ணே?" என்றாள். "நெஞ்சு வலி இருந்துருக்கு, வீட்டுல சொல்லாம மறைச்சுட்டாருன்னு எல்லாரும் சொன்னாக. நானும் நம்பிட்டேன். இத்தன மாசமா தெனம் அவரு படத்தப் பாத்துத் திட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்த சொன்னியாய்யா, சொல்லியிருந்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டேனான்னு."

மச்சான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு மனுஷன் உயிரை எடுத்ததோடு விடாமல், அவன் பெண்டாட்டியிடம் அவனைப் பொய்யனாகவும் ஆக்கியிருக்கிறார்கள் ஒரு காகிதத்தில். அந்தக் காகிதத்தை எழுதியவர்கள் கையில் கிடைத்தால் அந்த நிமிஷம் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பிறகு மலர் என்னைப் பார்த்தாள். "நீங்கதானே அந்த மிஷின வாங்கிக் குடுத்தது? நல்ல மிஷினுன்னு சொல்லுவாரு. அது ஏன் வேல செய்யல?"

மச்சான் என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

"தெனம் காலையில சோதிச்சுப் பாத்துட்டுத்தான் எடுத்துட்டுப் போவணும். நான் அதச் சொல்லிக் குடுக்கலம்மா" என்றேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் மிஷினில் பாதி தைத்துக் கிடந்த சட்டையை எடுத்து மடித்து வைத்தாள்.

"சொல்லியிருந்தா செஞ்சிருப்பாரு" என்றாள். "ஒரு நாள் விடாமச் செஞ்சிருப்பாரு."